தில்லையாடி வள்ளியம்மை: சிறை சென்ற நம் வீட்டுப் பெண்



இந்த மலருக்காக ஒவ்வொரு குழுவும் வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஔவையார், ஜான்சி ராணி, வேலு நாச்சியார், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று ஆளுக்கு ஒரு பெயர் எடுத்துக்கொண்டார்கள். நான் ஜெயிலுக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஜெயில் என்ற வார்த்தையே நமக்குக் கூச்சம்தான். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். தில்லையாடி வள்ளியம்மை. பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். அவர் எதற்காகச் சிறை போனார், எப்படி இறந்தார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைத்தான் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

கப்பலேறிப் போன ஏழைகள்

வள்ளியம்மையின் கதைக்கு முன்னால் வேறு ஒரு கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் நம்மை மட்டும்தான் கொடுமைப்படுத்தினான் என்று நினைக்கிறோம். தன் நாட்டு ஏழைகளையும் அவன் விட்டுவைக்கவில்லை. 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சுமார் 1,62,000 கைதிகளைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதில் ஏறக்குறைய 25,000 பேர் பெண்கள். பெரும்பாலும் வீட்டு வேலைக்காரிகள், கூலிக்காரிகள். செய்த குற்றம் என்னவென்று பார்த்தால் பலருக்கும் சின்னத் திருட்டுதான். எஜமானி வீட்டில் ஒரு துண்டுத் துணி, ஒரு கரண்டி, கொஞ்சம் உணவு. அதற்குத் தண்டனை 7 வருஷம், சிலருக்கு ஆயுள் முழுக்க. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு.

அங்கே பாரமட்டா என்ற ஊரில் பெண் கைதிகளுக்கு ஒரு தொழிற்கூடம் இருந்தது. அதில் அவர்களுக்கு என்ன வேலை தெரியுமா? நூல் நூற்பது, துணி நெய்வது. அங்கே நெய்த முரட்டுக் கம்பளித் துணிக்கு அந்த ஊர்ப் பெயரே வந்தது. பருத்தியைப் பெயரிலேயே வைத்திருக்கிற திருப்பருத்திக்குன்றத்தில் உட்கார்ந்து, தார் சுற்றிக்கொண்டே இதை யோசித்தால் மனசு என்னவோ செய்கிறது.

அந்தப் பெண்களில் மேரி ரெய்பி என்று ஒருவர். 13 வயதில் குதிரை திருடியதாகப் பிடிபட்டு 7 வருஷத் தண்டனையோடு 1792இல் கப்பலில் வந்து இறங்கினார். கல்யாணமாகி, கணவர் இறந்த பிறகு கடை, கப்பல், கிடங்கு என்று வியாபாரத்தைத் தானே நடத்திப் பெரிய பணக்காரி ஆனார். இன்றைக்கு ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டு மக்கள் பல தலைமுறைக்கு, எங்கள் கொள்ளுப்பாட்டி கைதியாக வந்தவள் என்று வெளியில் சொல்லக் கூசி மறைத்தார்கள். இப்போதுதான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நம் பக்கம் என்ன நடந்தது? 1834இல் பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! அதற்குக் கண்டுபிடித்ததுதான் ஒப்பந்தக் கூலி முறை. 5 வருஷத்துக்குக் கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றினார்கள். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மாகாணத்துக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் போனது. 1860 நவம்பரில் அது டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் நம் நாட்டிலிருந்து போனார்கள். தமிழ் பேசுகிறவர்கள் அதில் ஏராளம். அவர்கள் கைதிகள் இல்லை. ஆனாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் பிடித்துச் சிறையில் போடலாம்.

மூன்று பவுண்டு கணக்கு

5 வருஷம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கிக் காய்கறி போட்டு, கூடை சுமந்து விற்றுப் பிழைக்க ஆரம்பித்தார்கள். அது வெள்ளை வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்று மறுபடி கூலி ஒப்பந்தம் போடு, இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிப் போ, இரண்டும் மாட்டேன் என்றால் ஆளுக்கு வருஷம் 3 பவுண்டு வரி கட்டு என்று 1895இல் நேட்டால் அரசு சட்டம் போட்டது. பிறகு பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பையனுக்கு 16 வயது, பெண் பிள்ளைக்கு 13 வயது ஆனாலே வரி.

நம் குழுவில் கணக்கு எழுதுகிற பெண்கள் இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். வரி கட்ட வேண்டிய வயதில் 2 பிள்ளைகள் இருந்தால், கணவன் மனைவியோடு சேர்த்து 4 பேருக்கு வருஷம் 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். கூலிக்காரருக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங்கில் தொடங்கி 14 ஷில்லிங் வரைதான். 14 என்றே வைத்தாலும் 12 மாதத்துக்கு 168 ஷில்லிங். பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதி. சோறு தண்ணி இல்லாமல் கணவன் சம்பாதித்ததை அப்படியே கட்டினாலும் 72 ஷில்லிங் பாக்கி நிற்கும். கட்ட முடியாதவனுக்குச் சிறை. சிறைக்குப் பயந்தவன் மறுபடி கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பான். அந்த வரி வசூலுக்காகப் போட்டது என்பதைவிட, கூலிகளைத் தோட்டத்திலேயே கட்டிப்போடப் போட்டது என்பதே சரி.

இது போதாதென்று 1913 மார்ச் மாதம் கேப் மாகாண நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பலதார மணத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த கல்யாணம் அந்த நாட்டில் செல்லாது என்று. நம் ஆட்கள் இந்து முறையிலும் முஸ்லிம் முறையிலும்தானே கல்யாணம் செய்திருந்தார்கள்? ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மனைவிகள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. பிள்ளைகளுக்கு வாரிசு உரிமை கேள்விக்குறி. தாலி கட்டிப் பிள்ளை பெற்றவளைச் சட்டம் வைப்பாட்டி என்று சொல்லாமல் சொன்னது. அதுவரை ஆண்களின் போராட்டமாக இருந்தது அன்றோடு பெண்களின் போராட்டமாகவும் ஆனது.

பெண்கள் எல்லையைத் தாண்டினார்கள்

வள்ளியம்மை 1898இல் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். தந்தை முனுசாமி முதலியார். குடும்பத்தின் பூர்வீகம் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற தில்லையாடி கிராமம். வள்ளியம்மை அந்தக் கிராமத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனாலும் ஊர்ப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அவர் வளர்ந்த காலத்தில் அந்த நகரத்துத் தமிழர்களுக்குச் சிறை பழகிப்போயிருந்தது. பத்து விரல் ரேகையும் வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906 முதல் காந்தி தலைமையில் சத்தியாகிரகம் நடந்தது. சிறை போனவர்களில் தமிழர்கள் அதிகம். நாகப்பன் என்ற இளைஞர் 1909இல் சிறையில் குளிரிலும் கடும் வேலையிலும் உடம்பு கெட்டு, வெளியே வந்த சில நாளில் இறந்துபோனார். இதையெல்லாம் கேட்டுத்தான் வள்ளியம்மை வளர்ந்திருப்பார்.

1913 செப்டம்பரில் கஸ்தூரிபா அம்மையார் உள்பட 16 பேர் அனுமதியில்லாமல் மாகாண எல்லையைத் தாண்டிக் கைதானார்கள். டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து 11 பெண்கள் இன்னொரு பக்கம் கிளம்பினார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ் வழிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. எல்லையில் சட்டத்தை மீறினார்கள், போலீஸ் பிடிக்கவில்லை. லைசன்ஸ் இல்லாமல் தெருவில் கூவி விற்றார்கள், அப்போதும் பிடிக்கவில்லை. பெண்களைப் பிடித்தால் விஷயம் பெரிதாகும் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. சரி என்று அந்தப் பெண்கள் நேட்டாலில் நியூகாசில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்கே போய்விட்டார்கள். சுரங்கத் தொழிலாளிகளின் குடியிருப்புக்குப் போய் 3 பவுண்டு வரியைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். வேலையை நிறுத்தச் சொன்னார்கள்.

பெண்கள் பேச்சைக் கேட்டுச் சுரங்கம் சுரங்கமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். அரசு விழித்துக்கொண்டு அந்தப் பெண்களைப் பிடித்து 3 மாதம் சிறையில் போட்டது. ஆனால் அதற்குள் தீ பற்றிவிட்டது. நவம்பர் 6ஆம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியோடு எல்லையைத் தாண்டி நடந்தார்கள். கரும்புத் தோட்டங்களிலும் வேலை நின்றது.

அடுத்த அணியாகக் கிளம்பிய டிரான்ஸ்வால் பெண்களில்தான் வள்ளியம்மையும் அவர் தாயாரும் இருந்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 3 பவுண்டு வரி நேட்டால் மாகாணத்தில் இருந்தவர்களுக்குத்தான். வள்ளியம்மை இருந்தது டிரான்ஸ்வாலில். யாரோ கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரி தலையில் விழுந்த வரிக்காகத்தான் 15 வயதுப் பெண் வீட்டை விட்டுக் கிளம்பினார்.

சிறையில்

1913 டிசம்பரில் வள்ளியம்மைக்கு 3 மாதக் கடுங்காவல் தண்டனை விதித்து மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தச் சிறையில் நம் பெண்களுக்குக் கொடுத்த வேலை துணி துவைப்பது. சாப்பாடு வாயில் வைக்க முடியாதது. வெளியிலிருந்து உணவு கொடுக்கவும் விடவில்லை. பலர் எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தார்கள்.

உள்ளே போன கொஞ்ச நாளிலேயே வள்ளியம்மைக்குக் காய்ச்சல் கண்டது. சிறை அதிகாரிகள் முன்கூட்டியே விடுவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கூட வந்தவர்கள் உள்ளே இருக்கும்போது தான் மட்டும் போவதற்கு மனம் இல்லை. விடுதலையாகி ஜோகன்னஸ்பர்க் திரும்பியபோது எழுந்து நிற்கக்கூட முடியாத நிலை. காந்தி படுக்கையருகே போய்ப் பார்த்தார். சிறைக்குப் போனதற்காக வருத்தப்படுகிறாயா என்ற பொருளில் கேட்டார். இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்றுதான் அந்தப் பெண் தெரிவித்தார். உயிர் போனாலும் கவலையில்லை என்றார். இதைக் காந்தியே பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

1914 பிப்ரவரி 22ஆம் தேதி வள்ளியம்மை இறந்தார். 16 வயது. நம் வீட்டில் அந்த வயதுப் பெண் பத்தாவதோ பதினொன்றாவதோ படித்துக்கொண்டிருப்பாள்.

அதே வருஷம் ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுண்டு வரி ஒழிந்தது. நம் முறையில் நடந்த கல்யாணத்தையும் சட்டம் ஏற்றுக்கொண்டது, ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற நிபந்தனையோடு. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எதற்காக அந்தப் பெண்கள் கிளம்பினார்களோ அந்த இரண்டும் கிடைத்தன. அதைப் பார்க்க வள்ளியம்மை இல்லை. ஜூலை 15ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் நினைவுக்கல் திறந்தார்கள். 3 நாளில் காந்தி அந்த நாட்டை விட்டுக் கிளம்பினார். மறு வருஷம், 1915இல், தில்லையாடி கிராமத்தைத் தேடி வந்துவிட்டுப் போனார்.

சட்டம் வைத்த பெயரும் ஊர் வைத்த பெயரும்

சட்டம் வள்ளியம்மைக்கு வைத்த பெயர் கைதி. இன்றைக்கு அந்தச் சட்டம் எங்கே? தில்லையாடியில் அவர் பெயரில் நினைவு மண்டபம் இருக்கிறது. 2008இல் அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டார்கள். நெசவுக்காரர்கள் நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டிடம் இருக்கிறதே, அதன் பெயர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. தமிழ்நாட்டுத் தறிக்காரர்கள் நெய்த துணியை விற்கிற இடத்துக்குச் சிறை சென்ற ஒரு பெண்ணின் பெயர்.

இதை எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் தெருக்களில் ஒரு பெண் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தாலே பேச்சு மாறிவிடுகிறது. சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுச் சகோதரி ஒருவர் வெளியில் வாங்கிய கடனில் 2 தவணை தவறிவிட்டது. தறியில் வேலை இல்லாத மாதம். வசூலுக்கு வந்தவர்கள் இருட்டின பிறகும் வாசலில் உட்கார்ந்துகொண்டு தெருவே கேட்கிற மாதிரி பேசினார்கள். புகார் கொடுக்கலாம் என்றதற்கு அவர் மாமியார் அழுதுவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு, ஸ்டேஷனுக்குப் போனவள் என்ற பெயர் வேண்டாம் என்று. அன்றைக்கு ராத்திரியே கூட்டம் போட்டோம். மறுநாள் ஒருவர் இல்லை, 12 பேரும் சேர்ந்து போனோம். 12 பேர் போனால் யார் பெயரைச் சொல்லிப் பேசுவார்கள்? அதன் பிறகு ராத்திரி வசூல் நின்றது. பாக்கித் தவணையைக் குழு உள்கடன் கொடுத்துக் கட்டி முடித்தார்.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததும் இதேதான். வள்ளியம்மை ஒருத்தி தனியாக எல்லையைத் தாண்டவில்லை. அவருக்கு முன்னால் 11 பேர், பக்கத்தில் தாயார், பின்னால் ஆயிரம் ஆயிரம் தொழிலாளிகள். குழுவாகப் போனதால்தான் கூச்சம் போனது, பயமும் போனது.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். முதலில் போன அந்த 11 பெண்களின் பட்டியல் இருக்கிறது. படித்தால் வருத்தமாக இருக்கிறது. திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை என்று பெரும்பாலோர் பெயர் கணவர் பெயராகத்தான் பதிவாகியிருக்கிறது. தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் என்பது வேறு வழியில் தெரிகிறது. கைக்குழந்தையோடு சிறை போன தாய்மார்கள் பலர் யார், என்ன பெயர் என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. வள்ளியம்மை கல்யாணமாகாத பெண். அதனால்தானோ என்னவோ, அவர் பெயர் அவர் பெயராகவே நமக்குக் கிடைத்தது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. தார் சுற்றுவது, பாவு பிணைக்கும்போது கூட உட்காருவது எல்லாம் என் மாமியாரும் நானும். சொசைட்டிப் புத்தகத்தில் பெயர் ஆண்களுக்கு. முதன்முதலாக என் பெயர் என் பெயராகவே எழுதப்பட்ட புத்தகம் நம் குழுவின் சேமிப்புப் புத்தகம்தான். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஆகவே சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது இன்னார் மனைவி என்று எழுதி நிறுத்தாமல் உங்கள் பெயரை முழுசாக எழுதுங்கள். கைநாட்டு வைக்கிற மூத்த அம்மாக்களுக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரைச் செயலாளர் தெளிவாக எழுதி, படித்துக் காட்டட்டும். வங்கிக்கோ, தாலுகா ஆபீசுக்கோ, ஸ்டேஷனுக்கோ நியாயம் கேட்டுப் போகிற பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள். பிப்ரவரி 22 வந்தால் உங்கள் குழுக் கூட்டத்தில் வீட்டுப் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்த 3 பவுண்டு கணக்கையும் அவர்களையே போடச் சொல்லுங்கள்.